அனுப்பியதில் ஒன்றும் இல்லை

மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். குலுங்கக் கூடாது, அதனால்தான். உங்களுக்கு முழங்கால் இடித்தால் சொல்லுங்கள், நான் கொஞ்சம் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொள்கிறேன்.

கம்ப்யூட்டர்தான். டிவி மாதிரி இருக்குமே, அது இல்லை. அது வீட்டில் இருக்கிறது. இது பெட்டி மட்டும். எல்லாம் இதற்குள்தான் இருக்கிறதாம். ரயில் ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் தட்டிப் பார்த்தார். போர்வையில் சுற்றி, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப் போகிற மாதிரி போகிறீரே என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரிப்பேருக்கு இல்லை. ரிப்பேர் எல்லாம் பார்த்தாயிற்று. மதுரையில் ஒருவருக்கு இதைக் காட்ட வேண்டும். அந்த டிவி மாதிரியானது அவர் வீட்டிலும் இருக்கிறது. இதைக் கொண்டுபோய் மாட்டினால் போதும்.

நீங்கள் எதுவரைக்கும்? திருமங்கலமா. அப்படியானால் நேரம் இருக்கிறது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிற விஷயம். தெரிந்தவர்களிடம் சொல்ல முடியாது. தெரிந்தவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே தெரியும் என்பது வேறு.

என் பெயர் ஆவுடையப்பன். தாலுகா ஆபீசில் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். டெஸ்பாட்ச் என்றால் தபால் அனுப்புகிற வேலை. ஆபீசை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு கடிதமும் என் கை வழியாகத்தான் போகும். விலாசம் சரியா, இணைப்பு உள்ளே இருக்கிறதா, உறை ஒட்டியிருக்கிறதா. மூன்றையும் பார்க்காமல் விட மாட்டேன். ஒரே கடிதம் இரண்டு தடவை வந்தது என்று என் காலத்தில் ஒருவரும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது.

எனக்கு ஒரே பெண். செண்பகவல்லி. எங்கள் ஊர் அம்மன் பெயர். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்க்கிறாள். முப்பது தாண்டிவிட்டது. வயதை ஏன் மறைக்க வேண்டும்? ஜாதகத்திலேயே இருக்கிறது. ஏன் தாண்டியது என்று கேட்காதீர்கள். செவ்வாய் கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் சும்மா இருக்கவில்லை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், எந்தக் கோயிலுக்குப் போனாலும் பையில் ஜெராக்ஸ் இருக்கும். டாக்டரிடம் சர்க்கரை பார்க்கப் போனபோது அவருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறேன். தகப்பன் செய்ய வேண்டியதுதானே. அவளிடம் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: "உங்க இஷ்டம்ப்பா." நான் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்வேன்.

போன தை மாதம் மதுரையில் ஒரு கல்யாணம். என் மனைவி பிரமுவின் பக்கத்து உறவு. அங்கே பந்தியில் செண்பகத்துக்குப் பக்கத்து இலையில் ஒரு பையன். மாசிலாமணி என்று பெயர். கோயம்புத்தூரில் பம்பு கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். ரசம் ஊற்றுகிறவர் இவர்கள் இரண்டு பேர் இலையையும் விட்டுவிட்டுத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார். மூன்றாவது தடவை அந்தப் பையன், "அண்ணே, நாங்க ரெண்டு பேரும் பொண்ணு வீடும் இல்ல, மாப்பிள்ளை வீடும் இல்லதான். ஆனா எங்களுக்கும் ரசம் பிடிக்கும்" என்றானாம். இதை செண்பகம் ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவள் அம்மாவிடம் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். ரசம் வைத்த அன்றெல்லாம் சொன்னாள்.

விசாரித்தால், அவன் குற்றாலிங்கம் அண்ணாச்சியின் மகன். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். மதுரையில் சொந்த வீடு. நம்மவர்கள். நீங்களும் இந்தப் பக்கம்தானே? குலதெய்வம் எங்கே உங்களுக்கு? அப்படியா. நெற்றியைப் பார்த்தபோதே நினைத்தேன்.

அனுப்பட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "உங்க இஷ்டம்" வரும் என்று நினைத்தால், தலையைக் குனிந்துகொண்டு "சரி, அனுப்புங்கப்பா" என்றாள். பிரமு அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

குற்றாலிங்கம் அண்ணாச்சி போனில் சொன்னார்: "இமெயில்ல அனுப்பிருங்க அண்ணாச்சி. தம்பிக்கும் ஒரு காப்பி போட்டுருங்க. தபால்ல வந்தா நான் எங்கயாவது வச்சிட்டுத் தேடிக்கிட்டு இருப்பேன்." மகனுடைய கம்பெனி விலாசத்தையும் கொடுத்தார்.

செண்பகம் சொன்னாள்: "பிறந்த தேதி, நேரம், ஊரு. டைப் பண்ணி அனுப்பினாப் போதும்ப்பா. அவுகளே கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டுக்கிடுவாக."

ஒரு பெண்ணை ஒரு வரியில் அனுப்ப முடியுமா, சொல்லுங்கள். ஜாதகம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துத்தானே கொடுக்கிறோம். நான் காகிதத்தில் மஞ்சள் வைத்து, ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து எடுத்தேன். முதலில் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். மஞ்சள் வைத்த இடமெல்லாம் கறுப்பாக, எண்ணெய்க் கறை மாதிரி விழுந்தது. நாலு மூலையிலும் கறுப்புக் கறையோடு ஒரு கன்னிப் பெண்ணின் ஜாதகத்தை அனுப்பலாமா? கலரில் எடுத்தேன். மஞ்சள் வெளிறித் தெரிந்தது. அதற்கு மேலே ஒன்று இருக்கிறது, மிக உயர்ந்த தரம் என்று. அதில் எடுத்தேன். நேரமானது. ஆனால் விரல் ரேகை கூடத் தெரிந்தது. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"கண்ணாடியெல்லாம் மஞ்சளாக் கிடக்கு. ஃபைல் ரொம்பப் பெருசா இருக்குப்பா" என்றாள் செண்பகம்.

"பெருசா இருந்தா என்ன? நம்ம கை தளரலன்னு நினைப்பாக" என்றேன்.

இதிலேயே நின்றிருந்தால் பரவாயில்லை. என் சகலை ஒருவர் சென்னையில் இருக்கிறார். அவருக்கு எவனோ ஒரு மெயில் அனுப்பி, அதைத் திறந்து, மகள் கல்யாண போட்டோ அத்தனையும் போய்விட்டது. வைரஸ். அந்த மெயில் யாரோ அன்னியன் அனுப்பியதும் இல்லை, சொந்தச் சம்பந்தி வீட்டிலிருந்து வந்தது. இன்றைக்கும் அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு சரியில்லை. நான் யோசித்தேன். ஜாதகத்தோடு வைரஸும் சேர்ந்து போய், குற்றாலிங்கம் அண்ணாச்சி வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால்? பெண் இன்னும் அடி எடுத்து வைக்கவில்லை, அதற்குள் ஒரு பொருள் போயிற்று என்று ஆகிவிடாதா? அது என்ன சகுனம்?

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. அங்கே ஆன்டிவைரஸ் சிடி வாங்கி வந்து நானே போட்டேன். போட்டதும் திரையின் கீழ் ஓரத்தில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், பச்சையாக ஒரு டிக் குறி வந்து உட்கார்ந்தது. அதைப் பார்க்கிறபோது ஒரு நிம்மதி. வாசலில் நாய் படுத்திருக்கிற மாதிரி.

ஆனால் அதைப் போட்ட நிமிஷத்திலிருந்து மெயில் புரோகிராம் வேலை செய்யவில்லை. வருவதும் இல்லை, போவதும் இல்லை. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. மாமியாரும் மருமகளும் மாதிரி, தனித்தனியே நன்றாக இருக்கின்றன, ஒரு வீட்டில் வைத்தால் ஆகவில்லை. சிடி உறையில் ஒரு போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். நல்ல பையன் ஒருவன் எடுத்தான். தமிழ்தான். பொறுமையாகச் சொன்னான்.

"சார், செட்டிங்ஸ்ல ரெண்டு டிக் இருக்கும். மேல உள்ளது வர்ற மெயிலைச் சோதிக்கும். கீழ உள்ளது போற மெயிலைச் சோதிக்கும். கீழ உள்ளதை மட்டும் எடுத்திருங்க. சரியாயிடும்."

"அப்ப நான் அனுப்புறதைச் சோதிக்க வேண்டாமா தம்பி?"

"நீங்க அனுப்புறதுல என்ன சார் வைரஸ் இருக்கப் போகுது?"

"இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது ரெண்டும் ஒண்ணா ஓடினா சில சமயம் சிக்கிக்கும் சார். பெரிய ஃபைலா இருந்தா ரொம்பவே சிக்கும். எடுத்துட்டீங்களா?"

எடுத்துவிட்டேன் என்றேன். எடுத்தும்விட்டேன். மெயில் வர ஆரம்பித்தது. அவனுக்கு எந்த ஊர் என்று கேட்டேன். விருத்தாசலம் என்றான். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். "சார், இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது" என்றான். கூச்ச சுபாவம் போல. போனை வைத்ததும் அந்தக் கீழ் டிக்கைத் திரும்பப் போட்டேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வருகிறதைச் சுத்தமாக வாங்கிக்கொண்டு, போகிறதை அழுக்காக அனுப்புவதா? நம் வீட்டிலிருந்து போகிற பொருள் சுத்தமாகப் போக வேண்டும். நான் டெஸ்பாட்சில் இருந்தவன்.

வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்னால் அனுப்பினேன். சுபம் என்று போட்டு, கீழே செல்வி செண்பகவல்லி, நட்சத்திரம் பூரட்டாதி, எங்கள் வீட்டு போன் நம்பர் எல்லாம் அடித்து, ஜாதகத்தை இணைத்து, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். செண்பகம் அப்போதே வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது, "அனுப்பிட்டுக் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிருங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஆஃப் பண்ணலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் 'போகவேண்டியவை' என்கிற பெட்டியில் அது கறுப்பு எழுத்தில் அப்படியே நின்றது. போகிறது, போகிறது என்று ஒரு பட்டை நகர்ந்துகொண்டிருந்தது. நடுவில் அணைத்தால் பாதி ஜாதகம் போய்விடுமோ என்று பயம். ராசிக் கட்டம் அங்கே போய், நவாம்சம் இங்கே நின்றுவிட்டால்? அன்றைக்குச் சங்கரன்கோவிலில் பிரமுவின் தங்கை மகளுக்கு வளைகாப்பு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மெதுவாகப் போகட்டும் என்று அப்படியே ஓடவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். பிரமு கூட, "அதுபாட்டுக்கு ஓடுதே" என்றாள். "உன் பொண்ணு கல்யாணத்துக்குத்தான் ஓடுது" என்றேன். அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தேன்.

சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றுகிறபோதே உள்ளே போன் அடிக்கிறது. குற்றாலிங்கம் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, ஜாதகம் வந்துருச்சு."

"ரொம்பச் சந்தோஷம் அண்ணாச்சி."

"இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

எனக்குப் புரியவில்லை. பெரிய ஃபைல், அதனால் நேரமாகிறது போல என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. முழுசாத்தான் வந்துச்சு. காலையில வந்துச்சு. அப்புறம் மறுபடி வந்துச்சு. நாங்க சாப்பிட உக்காந்தா வருது, படுத்து எந்திரிச்சா வருது. என் பெட்டி நிறைஞ்சு போச்சு. அது கிடக்கட்டும், தம்பிக்கு ஆபீஸ்ல..." என்று நிறுத்தினார். "ஒரு தடவை அனுப்பினாலே நாங்க பாப்போம் அண்ணாச்சி. இப்படி நெருக்க வேண்டாம்."

நெருக்க வேண்டாம் என்றார். அந்த வார்த்தை. என் அப்பா ஜாதகம் வாங்க வந்தவர்களைக் காக்கவைத்துக் கொடுத்தவர். நான் போனை வைக்காமலே ஓடிப்போய் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அந்தக் கறுப்பு எழுத்து அதே இடத்தில் நிற்கிறது. பச்சை டிக் அதே இடத்தில் இருக்கிறது. பட்டை நகர்கிறது. சுவரில் இருந்து ஒயரைப் பிடுங்கினேன்.

என்ன நடந்தது என்று பிறகு கடைக்காரர் விளக்கினார். மெயில் புரோகிராம் ஜாதகத்தை ஆன்டிவைரஸ் கையில் கொடுக்கிறது. ஆன்டிவைரஸ் அதை வரி வரியாகச் சோதித்துச் சுத்தம் என்று பார்த்து, மதுரைக்கு அனுப்பிவிடுகிறது. ஆனால் சோதிக்க நேரமாகிவிடுவதால், கொடுத்தவன் காத்திருந்து காத்திருந்து, போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி கொடுக்கிறான். வாங்கினவன் மறுபடி சோதித்து மறுபடி அனுப்புகிறான். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வதில்லை. இப்படியே நாள் முழுக்க. எத்தனை தடவை போனது என்று நான் எண்ணவில்லை. அவர்கள் எண்ணியிருப்பார்கள்.

அந்தப் பையனுடைய கம்பெனியில் நடந்ததுதான் எனக்கு நினைத்தாலே கூசுகிறது. அவன் பெட்டி நிறைந்து, கம்பெனி மெயிலே திணறி, கம்ப்யூட்டர் பிரிவு ஆட்கள் திறந்து பார்த்திருக்கிறார்கள். யார் இந்த செண்பகவல்லி, பூரட்டாதி, என்று அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். என் பெண்ணின் செவ்வாய் எங்கே இருக்கிறது என்று கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனிக்கே தெரியும்.

சாத்தூர் வந்துவிட்டது. வெள்ளரிக்காய் வேண்டுமா? வேண்டாமா. எனக்கும் இறங்காது.

மறுநாள் காலையில், நியாயப்படி ஒரு மன்னிப்பு எழுத வேண்டும் அல்லவா? செண்பகம் சொன்னாள்: "அப்பா, நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். விட்டுருங்க." நான் விடுகிற ஆள் இல்லை. தப்பு நம் பக்கம். கம்ப்யூட்டரைப் போட்டு, இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். நாங்கள் யாரையும் நெருக்குகிற குடும்பம் இல்லை, இது மென்பொருளின் பிழை, என் பெண்ணுக்கு வேறு நல்ல இடங்களிலிருந்தும் கேட்கிறார்கள், நாங்கள் ஒன்றும் அலையவில்லை என்றெல்லாம் எழுதினேன். பொத்தானை அழுத்தினேன்.

நேற்று நின்ற ஜாதகம் அதற்கு முன்னால் கிளம்பிவிட்டது. மன்னிப்பு அதன் பின்னால் போனது. பிறகு இரண்டும் சேர்ந்து போக ஆரம்பித்தன.

சிரிக்கலாம், பரவாயில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் கடைக்காரர் யாரிடமோ சொல்லி, அது டீக்கடைக்கு வந்துவிட்டது. என்னோடு வேலை பார்த்த வீரபாகு, "ஏ ஆவுடையப்பா, தீவாளிக்கு எனக்கு ஒரு வாழ்த்து அனுப்பும்வே. ஒண்ணு போதும், கேட்டீரா?" என்கிறான். நான் அந்தக் கடைக்குப் போவதில்லை.

அதற்கடுத்த நாள் போன் வந்தது. அந்தப் பையனே பேசினான். மாசிலாமணி.

"வணக்கம் சார், நான் மாசிலாமணி பேசுறேன், கோயம்புத்தூர்ல இருந்து. செண்பகம் இருக்காங்களா?"

எவ்வளவு கோபம் இருந்தால் நேராகப் பெண்ணையே கூப்பிட்டுக் கேட்க நினைப்பான்! அவள் காதில் ஒரு வார்த்தை விழக் கூடாது என்று நினைத்தேன்.

"தம்பி, எதுவா இருந்தாலும் என்னைச் சொல்லுங்க. அவளுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல" என்றேன்.

"இல்ல சார், கோவம்லாம் ஒண்ணும் இல்ல. நான் சும்மா அவங்ககிட்ட..." என்று ஆரம்பித்தான். சிரிக்கிற குரல் மாதிரி இருந்தது. பெரிய இடத்துப் பிள்ளைகள் கோபத்தைக் கூட அப்படித்தான் காட்டுவார்கள்.

"உங்க பெருந்தன்மை தம்பி அது. ஆபீஸ்ல உங்களுக்கு எவ்வளவு தலைகுனிவு. நான் காலத்துக்கும் மறக்க மாட்டேன்."

"அப்படில்லாம் இல்ல சார். ஒரு நிமிஷம் அவங்ககிட்டக் கொடுத்தீங்கன்னா..."

"எங்களால உங்களுக்கு இனி ஒரு தொந்தரவும் வராது தம்பி. நீங்க நல்ல இடமாப் பாருங்க. நல்லா இருங்க." சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். குரல் உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. இந்த விஷயத்தில் நான் மரியாதையாக நடந்துகொண்ட ஒரே இடம் அதுதான். ஒரு கௌரவத்தோடு முடித்துவைத்தேன்.

திரும்பினால் செண்பகம் சமையலறை வாசலில் நிற்கிறாள். ஈரக் கையோடு வந்திருந்தாள். கை சொட்டிக்கொண்டே இருந்தது.

"யாருப்பா போன்ல?"

"அந்தப் பையன்தான்மா. நான் பேசிட்டேன். நீ கவலைப்படாத."

"என்னையா கேட்டாக?"

"கேட்டான். நான் உன் பேச்சே வராமப் பாத்துக்கிட்டேன்."

அவள் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பாவம், ஜாதகம் போனதிலிருந்து அவளுக்கு மனசு சரியில்லை.

அப்புறமும் போன் அடித்தது. கோயம்புத்தூர் நம்பர்தான். பிரமு எடுக்கப் போனாள், நான் வேண்டாம் என்றேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? மறுபடியும் அடித்தது. கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் ஒரே லைன்தான். இனி எதுவும் தானாகப் போய்விடக் கூடாது என்று அந்த ஒயரையே பிடுங்கி, சுருட்டி பீரோவில் வைத்துவிட்டேன். இப்போது எங்கள் வீட்டுக்கு வைரஸும் வராது, போனும் வராது.

இதை பிரமுவிடம் சொன்னபோது அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஏங்க, அந்தப் பையன் எதுக்குக் கூப்பிட்டிருப்பான்?" என்று கேட்டாள். எதற்குக் கூப்பிடுவான், திட்டுவதற்குத்தான் என்றேன். "திட்டுறவன் மூணு தடவை கூப்பிடுவானா?" என்றாள். பெண்களுக்கு வெளி உலகம் தெரிவதில்லை.

அந்த வாரமே செண்பகம் தூத்துக்குடியில் லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். தினமும் பஸ்ஸில் போய் வருவது முதுகு வலிக்கிறது என்றாள். நியாயம்தான், அந்த ரோடு அப்படி. ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. பிரமு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என்னடி சொல்கிறாள் என்று கேட்டால், சேலையை மடித்து வைத்தாள், தண்ணீர் குடித்தாள், அப்புறம் சொன்னாள்: "இனிமே என் ஜாதகத்தை யாருக்கும் குடுக்க மாட்டேன்னு அப்பா சொன்னா வர்றேங்கிறா. வேற ஒண்ணும் கேக்கல."

அவ்வளவுதானே? விளக்கு முன்னால் நின்று, அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிரமு சாட்சி. பொங்கலுக்கு வாங்கிய அந்த மஞ்சள் டப்பாவில் கை வைக்கவே மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். பிள்ளை வீட்டுக்கு வந்தால் போதும். காலையில் எழுந்தால் அவள் அறைக் கதவு திறந்தபடியே கிடக்கிறது. மூடிவைத்தால் காற்றில் திறந்துகொள்கிறது. பிரமு ரசம் வைப்பதையே நிறுத்திவிட்டாள். வரும் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னால் வருவாள்.

அதற்கு முன்னால் இந்தக் களங்கத்தைத் துடைத்துவிட வேண்டும் என்றுதான் மதுரைக்குப் போகிறேன். கடைக்காரர் ஆன்டிவைரஸை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றார். அழிக்கக் கூடாது என்று சண்டை போட்டேன். ஏனென்றால் அதற்குள் ஒரு விஷயம் பார்த்தேன். இதைக் கேளுங்கள். மெயில் புரோகிராமில் 'அனுப்பியவை' என்று ஒரு பெட்டி இருக்கிறது. நாம் அனுப்பியதெல்லாம் அதில் ஒரு நகல் இருக்கும். திறந்து பார்த்தேன். ஜாதகம் அதில் இல்லை. ஒன்று கூட இல்லை. போய்ச் சேர்ந்த சேதி அதற்கு வரவே இல்லையாம். ஆகவே அதன் கணக்கில் நான் இன்னும் அனுப்பவே இல்லை.

புரிகிறதா? குற்றாலிங்கம் அண்ணாச்சி முன்னால் இதை வைத்து, மாட்டி, அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினால் போதும். பாருங்கள் அண்ணாச்சி, அனுப்பியதில் ஒன்றும் இல்லை. நான் நெருக்கியவன் இல்லை. சம்பந்தம் வேண்டாம், அது முடிந்த கதை. என்னைப் பற்றி அவர் நினைத்ததை மாற்றிக்கொண்டால் போதும். பையனும் இந்த வாரம் ஊருக்கு வந்திருக்கிறானாம். அவனைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அவன் மறுபடி செண்பகத்தைப் பற்றி ஏதாவது ஆரம்பித்தால் என்ன பதில் சொல்வது? அவன் வெளியே போயிருக்கிற நேரமாகப் பார்த்து வருகிறேன் என்று அண்ணாச்சிக்குப் பக்கத்து வீட்டுப் போனில் சொல்லியிருக்கிறேன்.

கள்ளிக்குடி தாண்டிவிட்டது. அடுத்தது உங்கள் ஊர்தான். நான் பேசிப் பேசி உங்களைத் தூங்கவிடவில்லை. தெரியாத மனிதரிடம் குடும்பத்துச் சங்கதியெல்லாம் சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. சொன்னால் கொஞ்சம் இறங்குகிறது.

உங்கள் மைத்துனர் சிவகாசியில் இருக்கிறார் என்றீர்களே, அந்த பிரஸ் சொந்தமா, பங்கா? ஓ. சொந்தம்தானா. இன்னும் ஆகவில்லையா? அவருக்கும் செவ்வாய் உண்டா? பாருங்கள்.

இந்தப் பெட்டியை ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்கிறீர்களா? குலுக்காமல். இந்தப் பைதான், ஜிப்பு கொஞ்சம் மக்கர் செய்யும். இதோ. இறங்குகிற அவசரத்தில் மடித்துவிடாதீர்கள், மூலையில் மஞ்சள் இன்னும் முழுசாகக் காயவில்லை, காலையில் வைத்தது, சட்டையில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பத்திரிகைக்கு நடுவில் வையுங்கள், அப்படித்தான். திருமங்கலம் வந்துவிட்டது. பார்த்து இறங்குங்கள்.

கொஞ்சம் இருங்கள். இன்னொன்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எங்காவது தவறிவிட்டால்.